பட்டியலில் ஒரு பெயர்

கோவையிலிருந்து ஆனைகட்டிக்கு வரும் பேருந்து தடாகத்தையும் மாங்கரையையும் கடந்து மலைச்சாலையில் ஏறத் தொடங்கியதும், உள்ளே இருப்பவர்களின் பேச்சு தானாகவே தணிந்துவிடும். அடுத்த வளைவுக்கு அப்பால் யானை நிற்கிறதோ என்னும் எண்ணம் ஓட்டுநருக்கு மட்டும் உரியதன்று. பயணிகள் அனைவருக்கும் அது உண்டு. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவுதான். ஆயினும் அந்தத் தொலைவைக் கடந்து இறங்கும்போது ஒரு மாநிலம் முடிந்து இன்னொரு மாநிலம் தொடங்கிவிடுகிறது. சோதனைச் சாவடிக்கு இப்பால் தமிழ்நாடு. அப்பால் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அட்டப்பாடி. கடைப்பலகையில் எழுத்து மாறுகிறது, தேநீரின் சுவை சற்றே மாறுகிறது, மனிதர் மாறுவதில்லை. இருளர் பேசும் மொழியும், கொங்குத் தமிழும், மலையாளமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றையொன்று புரிந்துகொள்ளும் ஊர் இது.

அந்தப் பெஞ்சுகளுள் ஒன்றில் நான் மாலைதோறும் உட்காருவது வழக்கம். சாவடிக்கு அப்பாலுள்ள சிறிய தேநீர்க் கடை அது. கடைக்காரரின் தந்தையார் மன்னார்க்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர். நாங்கள் அவரைச் சேட்டன் என்போம். அவர் எங்களை அண்ணாச்சி என்பார். கோவையில் ஓர் ஆலையில் நேரக் கணக்கு எழுதும் எழுத்தராக நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்றவன் நான். எண்களோடு பழகியவனாதலால், கடையில் எந்த வழக்கு எழுந்தாலும் கூட்டிக் கழித்துச் சொல்லும் பொறுப்பு என்னிடமே வந்து சேரும்.

2025ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள் மாலை எழுந்த வழக்கை நான் எளிதில் மறக்க இயலாது. அன்று சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் அணிக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாகச் சஞ்சு சாம்சனைப் பெற்றுக்கொண்டது என்னும் செய்தி வந்தது. கைப்பேசியில் செய்தியைப் படித்த இளைஞன் ஒருவன், வீட்டில் துக்கம் நிகழ்ந்தவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டான். சேட்டனோ, பாலை ஆற்றும் கோப்பையை ஒரு முழம் கூடுதலாக உயர்த்தினார். திருவனந்தபுரத்துப் பிள்ளை மஞ்சள் சட்டை அணியப் போகிறான் அல்லவா?

இச்செய்தியின் பின்னணியைக் கடல் கடந்து வாழும் அன்பர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து ஆண்டுகளில் கோப்பையை வென்ற அணி சென்னை அணி. அத்தகைய அணி 2025இல் 14 ஆட்டங்கள் ஆடி நான்கில் மட்டுமே வென்றது; பத்து அணிகளுள் பத்தாவதாக நின்றது. அதன் வரலாற்றில் கடைசி இடம் அதுவே முதன்முறை. சேப்பாக்கத்தில் பெங்களூரிடம் 2008க்குப் பிறகு தோற்றதில்லை என்றிருந்த பெருமை மார்ச்சு மாதத்தில் போயிற்று. ஏப்ரலில் கொல்கத்தாவுக்கு எதிராக அதே திடலில் இருபது ஓவர்களும் ஆடி 103 ஓட்டங்களே எடுக்க முடிந்தது. அணித்தலைவர் ருதுராஜ் கெய்க்வாட் முழங்கையில் அடிபட்டு விலக, தோனி மீண்டும் தலைமை ஏற்க நேர்ந்தது. நாற்பத்து மூன்று வயது கடந்த ஒருவரின் தோளில் ஓர் அணியே சாய்ந்து நின்ற காட்சி, அவரை நேசித்தவர்களுக்கே வருத்தம் தந்தது.

ஆகவே, குறை எங்கே என்று ஆராயும் வேலையை அன்று முதல் எங்கள் பெஞ்சு ஏற்றுக்கொண்டது. நாடாளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டத்தை இவ்வளவு நுணுக்கமாக ஆராய்வார்களோ என்னவோ, நான் அறியேன். எங்கள் கடையில் அணியின் சம்பளக் கணக்கு ஒவ்வொரு ரூபாயாக ஆராயப்பட்டது.

கணக்கு இதுதான். 2025ஆம் ஆண்டுக்காக ஒவ்வோர் அணியும் செலவிடக்கூடிய தொகை 120 கோடி ரூபாய் என வரையறுத்தார்கள். செல்வர் நடத்தும் அணியாயினும் அதற்குமேல் ஒரு காசு செலவிடலாகாது. சென்னை அணி, ஏலத்துக்கு முன்பே ஐவரைத் தன்னிடம் நிறுத்திக்கொண்டது. கெய்க்வாட்டுக்கு 18 கோடி, ஜடேஜாவுக்கு 18 கோடி, இலங்கைப் பந்துவீச்சாளர் பத்திரணாவுக்கு 13 கோடி, சிவம் துபேவுக்கு 12 கோடி, தோனிக்கு 4 கோடி. ஆக 65 கோடி. எஞ்சிய 55 கோடியை வைத்துக்கொண்டு ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் மற்றவரையெல்லாம் தேட வேண்டியதாயிற்று. அங்கே நூர் அகமதுக்கு 10 கோடி, நம் அஸ்வினுக்கு 9 கோடியே 75 லட்சம் கொடுத்தார்கள். நூர் அகமது 24 விக்கெட்டுகள் எடுத்து வாங்கிய சம்பளத்துக்கு நியாயம் செய்தார். மட்டையாளர்களிடம் அந்த நியாயம் கிடைக்கவில்லை. ‘வேர்வலுவுள்ள மரத்துக்கு உரம் போட்டார்கள், நாற்றங்காலைக் கவனிக்கவில்லை’ என்று ஒரு விவசாயி சொன்னார். நான் கேட்ட விமரிசனங்களுள் அதுவே சிறந்தது.

இப்போது மாற்று வணிகத்துக்கு வருவோம். கோவையில் கல்லூரியில் படிக்கும் இளைஞன், “ஏனுங்க, இதெல்லாம் ஞாயமுங்களா? 2023இல் கோப்பை வாங்கிக் கொடுத்த மனுசனையா அனுப்புவாங்க?” என்று கேட்டான். அவன் கூறியது மெய். அந்த ஆண்டின் இறுதியாட்டம் அகமதாபாதில் மழையால் தடைப்பட்டு நள்ளிரவைத் தாண்டி நடந்தது. கடைசி இரண்டு பந்துகளில் 10 ஓட்டங்கள் வேண்டியிருந்தன. ஜடேஜா ஒன்றை ஆறாகவும் மற்றொன்றை நான்காகவும் அடித்தார். எவர்முன்னும் உணர்ச்சியைக் காட்டாத தோனி அவரைத் தூக்கிக்கொண்ட படம் எங்கள் கடைச் சுவரில் இன்னும் ஒட்டியிருக்கிறது. எண்ணெய்ப்புகை படிந்து மஞ்சள் நிறம் பழுப்பாகிவிட்டது, அவ்வளவே.

நிதி நிறுவனம் ஒன்றில் தவணை வசூலிக்கும் இளைஞன் மறுத்தான். “நன்றி வேற, கணக்கு வேற. அவருக்கு வர்ற மாசம் முப்பத்தேழு. சஞ்சுவுக்கு முப்பத்தொண்ணு. தோனிக்கு அப்புறம் விக்கெட்டுக்குப் பின்னால நிக்க ஆளு வேண்டாமுங்களா?” என்றான். பிறகு என்னை நோக்கினான். நான் கூட்டிக் கழித்துச் சொன்னேன். ஜடேஜாவின் 18 கோடியும் கரனின் 2 கோடியே 40 லட்சமும் போகின்றன. சஞ்சுவின் 18 கோடி வருகிறது. ஆக, சென்னைக்கு 2 கோடியே 40 லட்சம் மிச்சம். ஜடேஜாவோ ராஜஸ்தானில் 14 கோடிக்கு ஆட இசைந்திருக்கிறார். கணக்கு என்ற அளவில் சென்னைக்குக் கெடுதல் இல்லை என்றேன். எண்ணைச் சொன்னபோது என் குரல் தெளிவாகவே இருந்தது. பழக்கம் அப்படி.

சேட்டன் தம் பங்குக்குச் சஞ்சுவின் கதையைச் சொன்னார். அவருடைய தந்தையார் டெல்லிக் காவல்துறையில் வேலை பார்த்தவர். தாமும் கால்பந்து ஆடியவர். பிள்ளைகள் டெல்லியில்தான் வளர்ந்தார்கள். மகன்களின் ஆட்டத்துக்கு வழி தேடி அக்குடும்பம் மீண்டும் கேரளம் வந்து சேர்ந்தது. ‘பிள்ளைக்காக ஊரை விட்டுவிட்டு வந்த அப்பன்’ என்று சேட்டன் முடித்தபோது, மாற்று வணிகத்தை எதிர்த்தவனும் சற்று வாயடைத்துப் போனான். நம்மில் எத்தனை பேருடைய கதை அது!

“எல்லாம் சரி, நம்ம பசங்க எங்கே?” என்று இன்னொருவர் தொடங்கினார். இந்தக் கேள்வி ஆண்டுதோறும் எழுவது. சாய் சுதர்சன் சென்னையில் வளர்ந்த பிள்ளை. 2022இல் 20 லட்சத்துக்குக் குஜராத் அவரை எடுத்துக்கொண்டது. 2025ஆம் ஆண்டுப் போட்டியில் 759 ஓட்டங்கள் குவித்து எல்லாருக்கும் முதல்வராக நின்றார். வாஷிங்டன் சுந்தரும் குஜராத்தில். வருண் சக்கரவர்த்தி கொல்கத்தாவில். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் டெல்லியில். சென்னையில் இருந்த அஸ்வின் ஓய்வு அறிவித்துவிட்டார். விஜய் சங்கரை அணி விடுவித்துவிட்டது. ‘வீட்டுக் கொல்லையில் காய்த்ததை விட்டுச் சந்தையில் வாங்குகிறார்கள்’ என்றார் அவர்.

நான் அவருக்கு ஒன்றை நினைவூட்டினேன். 2023 இறுதியாட்டத்தில் சென்னைக்கு எதிராக 47 பந்துகளில் 96 ஓட்டங்கள் அடித்து நம் நெஞ்சைக் கலக்கியவர் இந்தச் சுதர்சன்தான். அன்றிரவு குஜராத் மண்ணில், குஜராத் அணியைத் தோற்கடித்துச் சென்னைக்குக் கோப்பை வாங்கித் தந்த ஜடேஜா, குஜராத்தின் சௌராட்டிரப் பகுதியில் பிறந்தவர். ஊரார் பிள்ளை நமக்கு உழைத்தான். நம் பிள்ளை ஊராருக்கு உழைத்தான். இருவரும் உழைப்பில் குறை வைக்கவில்லை. அயல்நாட்டிலும் அயல்மாநிலத்திலும் நாளும் உழைக்கின்ற நம் குடும்பங்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

பேச்சு இவ்வாறு போய்க்கொண்டிருக்கையில், பெஞ்சின் மறுகோடியில் இருந்த என் பழைய தோழர் முதன்முறையாக வாய் திறந்தார். அவர் கிரிக்கெட்டைப் பெரிதும் பின்பற்றுபவர் அல்லர். தேநீருக்காகவும் துணைக்காகவும் வருபவர். ஆலையில் என்னோடு வேலை பார்த்தவர். அதன்பின் குடும்பத்தோடு இடுக்கி மாவட்டத்து வண்டன்மேட்டுக்குப் போய், ஏலத்தோட்டத்தில் கூலி வேலை செய்து, முதுமையில் மகனுடைய வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்.

“ஏலம் ஏலம்னு பேசறீங்க. எனக்கு ஒரு ஏலந்தான் தெரியும். காயைச் சல்லடையில சலிச்சு, பெரிசு சிறிசுன்னு தரம் பிரிச்சு, போடிக்கும் புற்றடிக்கும் அனுப்புவாங்க. காயைக் கேட்டு யாரும் விக்கறதில்லை. இந்த மனுசனைக் கேட்டாங்களா?”

பெஞ்சில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. சம்பளம், வயது, ஓட்டம், விக்கெட் என எல்லாவற்றையும் ஆராய்ந்த எங்களுள் ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

நான்தான் விடை சொன்னேன். கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆட்டக்காரரின் இசைவு இல்லாமல் இத்தகைய மாற்றம் செய்யக் கூடாது என்பது விதி. ஜடேஜா தம் ஆட்டவாழ்வைத் தொடங்கியதும் ராஜஸ்தானில்தான். 2008இல் அவ்வணி முதற்கோப்பையை வென்றபோது அவர் பத்தொன்பது வயதுப் பிள்ளை. 2010இல் வேறோர் அணியோடு தாமாகவே பேச முயன்றார் என்பதற்காக ஓராண்டு ஆடவே கூடாது என்று தடை விதிக்கப்பட்டவரும் அவரே. இடம் மாற விரும்பியதற்காக ஒருகாலத்தில் தண்டிக்கப்பட்டவர், பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் கையெழுத்திட்டு இடம் மாறுகிறார். “அப்படீன்னாச் சரி” என்று சொல்லிவிட்டுத் தோழர் தேநீரைக் குடித்து முடித்தார்.

இந்த விதி எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் இருந்ததன்று. அமெரிக்காவில் வாழும் அன்பர்கள் பேஸ்பால் ஆட்டத்தை அறிவார்கள். செயிண்ட் லூயி அணியில் பன்னிரண்டு பருவங்கள் ஆடிய கர்ட் ஃபிளட் என்னும் கறுப்பின வீரரை, 1969இல் அவரைக் கேளாமலே பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். அவர் போக மறுத்தார். விருப்பத்தைக் கேளாமல் வாங்கவும் விற்கவும் தாம் ஒரு பண்டம் அல்லர் என்று அவர் ஆணையருக்கு மடல் எழுதினார், வழக்கும் தொடுத்தார். 1972இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் ஐவருக்கு மூவர் என்ற கணக்கில் தோற்றார். அவருடைய ஆட்டவாழ்வு அதோடு ஏறத்தாழ முடிந்தது. ஆனால் 1975ஆம் ஆண்டின் இறுதியில், வேறு இருவர் தொடர்பான நடுவர் தீர்ப்பில் ஆட்டக்காரரின் உரிமைக்கு வழி பிறந்தது. இன்று கோடிகளில் சம்பளம் வாங்கும் வீரர்கள் அனைவரும், ஒரு காசும் பெறாமல் தோற்ற அந்த மனிதருக்குக் கடன்பட்டவர்கள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தோழரின் கேள்வி ஜடேஜாவைப் பற்றியது என்று பெஞ்சில் இருந்தோர் எண்ணியிருப்பர். எனக்கு அது வேறு கேள்வியாகக் கேட்டது.

1990களின் நடுப்பகுதி. எங்கள் ஆலையில் நூல் தேங்கியது. வங்கிக் கடன் ஏறியது. கோவை வட்டாரத்தில் பல ஆலைகளுக்கு அது கெட்ட காலம். ஒருநாள் என்னை உள்ளே அழைத்து, எங்கள் பிரிவில் இத்தனை பேரை நிறுத்திக்கொள்ளலாம், மற்றவர்களுடைய பெயரைப் பட்டியலாகக் கொடு என்றார்கள். வருகைப் பதிவேடு என் கையில் இருந்தது. எண்ணிக்கைப்படிதான் செய்தேன். யாருக்கும் சலுகை காட்டவில்லை. யார்மீதும் பகை தீர்க்கவில்லை. அவ்வகையில் நான் எழுதிய ஒவ்வோர் எண்ணும் மெய்.

என் தோழரின் பெயருக்கு எதிரே ‘வருகைக் குறைவு’ என்று எழுதினேன். அவ்வாண்டில் அவர் பல நாள் வரவில்லை என்பது உண்மை. அந்நாள்களில் அவருடைய மனைவியார் மருத்துவமனையில் கிடந்தார் என்பதும் உண்மை. அது பதிவேட்டில் இல்லை. ஆனால் எனக்குத் தெரியும். ஏனெனில் நாங்கள் இருவரும் ஆனைகட்டியிலிருந்து ஒரே பேருந்தில் போய், ஒரே பேருந்தில் திரும்பியவர்கள். அவர் வராத நாள்களில் எனக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அதைவிட நல்ல வருகைப் பதிவேடு வேறு எது?

பட்டியலை மேசைமீது வைத்த மாலையிலும் அவர் என்னருகில்தான் உட்கார்ந்து வந்தார். மாங்கரையைத் தாண்டியதும் யானை குறுக்கிட்டதால் வண்டி அரைமணி நேரம் நின்றுவிட்டது. விளக்குகளை அணைத்துவிட்டார்கள். அந்த இருளில் அவர் தம் மகளின் பள்ளிக்கட்டணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் அறிவிப்புப் பலகையில் தம் பெயரை அவரே படித்துக்கொண்டார்.

முப்பது ஆண்டுகளாக இதை நான் எவரிடமும் சொன்னதில்லை. ‘நான் எழுதாவிட்டால் வேறொருவர் எழுதியிருப்பார்’ என்னும் ஆறுதலைப் பலமுறை எனக்கு நானே ஊட்டியிருக்கிறேன். அது பொய்யன்று, எனினும் அந்த ஆறுதல் ஒருநாளும் செரித்ததில்லை.

மறுநாள் மாலை, கடையில் வழக்கமான கூச்சல் தொடங்குமுன், தோழரை அழைத்துக்கொண்டு கொடுங்கரைப் பள்ளத்தின் பக்கமாக நடந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், “அந்த லிஸ்டை எழுதினது நான்தானப்பா” என்றேன்.

அவர் நிற்காமல் நடந்தார். “தெரியும். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? மாசாமாசம் சம்பளச் சீட்டுல பாத்தது தானே” என்றார்.

“ஒருநாளும் கேக்கலியே நீ.”

“என்னத்தக் கேக்க? ஆலைக்குப் பணமில்லை. நாலு பேரு போகணும்னா நாலு பேரு போய்த்தான் ஆகணும். அதுக்கு வருத்தப்பட்டு என்ன பண்ண?” சிறிது தூரம் நடந்தபின் அவரே தொடர்ந்தார். “ஆனா முந்தின நாள் ராத்திரி அரைமணி நேரம் வண்டி நின்னுச்சு பாரு, அப்பச் சொல்லியிருக்கலாம். வீட்டுல அவகிட்ட நானே பக்குவமாச் சொல்லியிருப்பேன். ஊரெல்லாம் தெரிஞ்சப்புறந்தான் அவளுக்குத் தெரிஞ்சுது.”

இதற்கு விடை சொல்ல என்னிடம் எண் எதுவும் இருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர், “சரி, போ, டீ ஆறிப்போகும்” என்றார். மன்னித்தாரா இல்லையா என்பதை அந்தச் சொல்லிலிருந்து என்னால் முடிவு செய்ய இயலவில்லை. ஆயினும் அதன்பின் அவர் பெஞ்சின் மறுகோடியில் உட்காரவில்லை. என் பக்கத்திலேயே உட்காருகிறார். பழைய பேருந்து இருக்கையைப் போல.

பாஸ்டன் நகரில் என் மகளின் குடும்பம் இருக்கிறது. பேரன் தொலைபேசியில் பேசும்போது, ஜடேஜா போய்விட்டதை நான் சொன்னேன். அவன் சிரித்தான். “தாத்தா, எங்க ஊர்லயும் இப்படித்தான்” என்றான். 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாஸ்டன் அணி, சம்பளச் செலவைக் குறைப்பதற்காக மூக்கி பெட்ஸ் என்னும் தன் அருமையான ஆட்டக்காரரை லாஸ் ஏஞ்சலீசுக்குக் கொடுத்தது. அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சலீஸ் கோப்பையை வென்றது. பாஸ்டன் தன் பிரிவில் கடைசியாக நின்றது. அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பு, பேப் ரூத் என்னும் பெருவீரரை அதே பாஸ்டன் நியூயார்க்குக்கு விற்றது. 1918இல் கோப்பை வென்றிருந்த அந்த அணி மறுபடியும் வெல்ல 2004 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பணமே எல்லாம் என்று இதனால் கொள்ள வேண்டியதில்லை. அங்கே நம் நாட்டைப் போல எல்லா அணிக்கும் ஒரே வரம்பு கிடையாது. 2002இல் ஓக்லண்ட் அணி ஏறத்தாழ 4 கோடி டாலர் சம்பளத்தில் ஆடியது. நியூயார்க் 12 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டது. அப்பருவத்தின் முறையாட்டங்களில் இரு அணிகளும் வென்றது ஒரே எண்ணிக்கை, 103. எவர் கண்ணுக்கும் படாத திறமையை எண்களின் துணைகொண்டு தேடிக் கண்டதால் ஓக்லண்ட் அதைச் சாதித்தது. ஆகவே எண் கெட்டதன்று. நான் என் வாழ்நாள் முழுவதும் எழுதிய எண்ணை இந்த வயதில் பழிக்க மாட்டேன். எண் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது என்பதை அறிந்தவன் கையில் அது நல்ல விளக்கு. அறிந்திருந்தும் வாய் மூடியிருப்பவன் கையில் அது வேறொன்று.

பேரனிடம், “அந்த பெட்ஸ் போனதும் நீ அழுதாயா?” என்று கேட்டேன். “அழுதேன். ஆனா அவர் சட்டையைத் தூக்கி எறியலை” என்றான். அவன் அங்கே பிறந்து வளர்ந்தவன். தமிழைச் சற்றுத் தடுமாறித்தான் பேசுகிறான். ஆயினும் நம் வீட்டுப் பிள்ளைதான் என்று அப்போது எனக்குத் தோன்றிற்று.

வள்ளுவர் பொருட்பாலில் அதிகாரங்களை அடுக்கியிருக்கும் முறையை அன்பர்கள் நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். ஆளை ஆராய்ந்து தெளிவதற்குத் தெரிந்துதெளிதல் என ஐம்பத்தோராம் அதிகாரம். தெளிந்தவரைத் தகுந்த வேலையில் அமர்த்துவதற்குத் தெரிந்துவினையாடல் என ஐம்பத்திரண்டாம் அதிகாரம். அணித்தேர்வாளரும் ஆலை மேலாளரும் படிக்க வேண்டியவை அவை. ஆனால் அவர் அங்கே நிறுத்திக்கொள்ளவில்லை. மூன்றாவதாக உடனே வைத்தது சுற்றந்தழால். ஆளைத் தெரிந்தெடுத்து வேலை வாங்குவதோடு தலைவனின் கடமை முடிந்துவிடுவதில்லை. தன்னைச் சார்ந்தவரைத் தழுவிக்கொள்ளவும் வேண்டும். என் மேசையில் முதலிரண்டு அதிகாரங்கள் இருந்தன. மூன்றாவதன் பக்கத்தை நான் புரட்டவில்லை.

டிசம்பர் 16ஆம் நாள் அபுதாபியில் அடுத்த ஏலம் நடந்தது. 43 கோடியே 40 லட்சம் ரூபாயோடு போன சென்னை அணி, பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்னும் இரண்டு இளைஞர்களை ஆளுக்கு 14 கோடியே 20 லட்சம் கொடுத்து வாங்கியது. இருவருக்கும் தொடக்க விலை 30 லட்சந்தான். இந்தியாவுக்காக இன்னும் ஆடாதவர்கள். ‘நாற்றங்காலைக் கவனிக்கவில்லை’ என்று குறை சொன்ன விவசாயி, “இப்ப நாத்துக்கே இந்த விலையா!” என்று வியந்தார். சென்னை விடுவித்த பத்திரணாவைக் கொல்கத்தா 18 கோடிக்கு எடுத்துக்கொண்டது. மீண்டும் பெஞ்சில் கூச்சல். மீண்டும் கூட்டல், கழித்தல்.

புதிய பிள்ளைகளின் பெயரைக் கேட்டதும் என் தோழர், “வயசு என்ன?” என்றார். ஒருவருக்கு இருபது, மற்றவருக்குப் பத்தொன்பது என்றேன். “சின்னப் பசங்க. ரெண்டு ஆட்டத்துல சரியா ஆடலீன்னா இந்தப் பெஞ்சு அவனுகளைத் தின்னுப்போடும். கொஞ்சம் பாத்துப் பேசுங்கடா” என்று இளைஞர்களைப் பார்த்துச் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். சேட்டனும் சிரித்தார். வரும் பருவங்களில் சென்னை அணி வெல்லலாம், தோற்கலாம். அது பந்துக்கும் மட்டைக்கும் இடையிலுள்ள வழக்கு. சஞ்சு அடித்தால் சேட்டன் அன்று தேநீருக்குக் காசு வாங்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். ஜடேஜா சென்னைக்கு எதிராகச் சிறப்பாக ஆடினால் கைதட்டுவது என்று, நெடிய விவாதத்துக்குப் பின், பெஞ்சு ஒருமனதாக முடிவு செய்திருக்கிறது.

கடைசிப் பேருந்து சாவடிக்கு இப்பால் வந்து நின்றது. நாங்கள் இருவரும் எழுந்தோம். அன்று போவதற்கு ஊர் எதுவும் இல்லை. எங்கள் வீடுகள் நடந்துபோகும் தொலைவில்தான். ஆயினும் பழைய வழக்கப்படி, யார் இறங்குகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் நடந்தோம்.